யூரியாவில் கரைந்த ரத்தம்

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில், ஜன்னலோர மேசையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று அங்கே வேலை பார்க்கும் டெக்னீஷியனுடையது. இன்னொன்று என் அக்கா மகள் யாழினியுடையது. முந்தின நாள் காலை இருவர் ரத்தத்திலிருந்தும் மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, உறையவைத்து, யூரியா கரைத்த தண்ணீரில் போட்டிருந்தார் அவர். அப்போது பார்த்தபோது இரண்டு குழாய்க்கும் வித்தியாசமே இல்லை. ஜவ்வரிசிக் கஞ்சி ஆறித் திரண்டதுபோல இரண்டிலும் ஒவ்வொரு கட்டி.

வெளியாள் உள்ளே வரக்கூடாது என்றார்கள். "நானும் பயோகெமிஸ்ட்ரிதாங்க" என்று கெஞ்சி நுழைந்திருந்தேன். எனக்குத் தெரிந்து அந்தப் பட்டம் ஒரு கதவைத் திறந்துவிட்டது அன்றைக்குத்தான்.

"பாருங்க மேடம்" என்று டெக்னீஷியன் இரண்டு குழாயையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவருடைய கட்டி இருந்தது இருந்தபடி இருந்தது. தட்டினால் ஆடியது. யாழினியின் குழாயில் வெறும் தண்ணீர்.

"கொட்டிட்டீங்களா?" என்று கேட்டேன். பதில் தெரிந்தேதான் கேட்டேன்.

"இல்ல மேடம். கரைஞ்சு போச்சு."

அந்த இடத்தில் எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கவினுக்கு யாரும் இப்படி ஒரு குழாயை வைத்துப் பார்க்கவில்லையே என்ற கோபம். கவின் என் அக்காவின் முதல் பிள்ளை. யாழினி பிறப்பதற்கு முன்பே அவனைப் புதைத்துவிட்டோம்.

கமால் பாய் கோந்து

மீன் கம்பெனியைப் பற்றி இந்தத் தொடரில் முன்பு எழுதியபோது, ஒரு வாசகர், "துண்டு மீனை ஒட்டி முழு மீன் என்று விற்பது மோசடி இல்லையா?" என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கும் அது வேண்டியிருக்கிறது.

பொம்மையார்பாளையத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி மொத்தமே ஒரு ஷெட், இரண்டு பெரிய குளிர்பெட்டிகள், நான்கு பெண்கள். முதலாளி கமால் பாய் கோட்டக்குப்பத்துக்காரர். துபாயில் ஓட்டல் சமையல்கட்டில் பல வருஷம் கிடந்தவர். அங்கே கற்றுக்கொண்டு வந்த வித்தை இது. வஞ்சிரம் வெட்டும்போது மிஞ்சும் துண்டு துணுக்குகளின் மேல் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவி, பிசறி, பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுருட்டி குளிர்பெட்டியில் வைத்துவிடுவோம். மறுநாள் பிரித்தால் ஒரே துண்டு. கத்தி போட்டு வில்லை வில்லையாக அறுக்கலாம், வறுத்தாலும் பிரியாது. ஒட்டின மீன் என்று பெட்டியின் மேல் எழுதித்தான் கெஸ்ட் ஹவுஸ்களுக்கு அனுப்புகிறோம், உள்வரைக்கும் நன்றாக வேகவையுங்கள் என்றும் சொல்லித்தான் அனுப்புகிறோம். ஆகவே ஐயா, மோசடி இல்லை.

பாய் அந்தப் பொடியைக் கோந்து என்பார். அது கோந்து இல்லை. கோந்து நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும். இது ஒரு என்சைம். ஒரு புரத இழையையும் பக்கத்துப் புரத இழையையும் நேரடியாகச் சேர்த்துத் தைத்துவிட்டு, தான் விலகி அடுத்த தையலுக்குப் போய்விடும். ஊசியும் அதுவே, தையல்காரனும் அதுவே. நூல் தேவையில்லை.

திண்டிவனம் காலேஜில் இதைப் படித்து மார்க் வாங்கினேன். கம்பெனியில் இதைத் தூவிச் சம்பளம் வாங்கினேன். இதே வேலையைச் செய்யும் இன்னொரு என்சைம் நம் எல்லோர் ரத்தத்திலும் ஓடுகிறது. அதையும் ஒரு பரீட்சையில் எழுதியிருக்கிறேன்.

காயம் பட்டால் ரத்தத்தில் முதலில் ஒரு வலை பின்னப்படும். அதைத்தான் ரத்தம் உறைகிறது என்கிறோம். ஆனால் அந்த வலை, ஜாக்கெட்டுக்கு முதலில் போடும் ஓட்டுத் தையல் மாதிரி, இழுத்தால் கையோடு வந்துவிடும். அதற்குப் பிறகு இந்தத் தையல்கார என்சைம் வந்து இழைக்கு இழை கெட்டித் தையல் போட வேண்டும். யாழினியின் உடம்பில் அந்தத் தையல்காரன் பிறவியிலேயே இல்லை. அவளுக்கு அடிபட்டால் ரத்தம் உடனே நிற்கும். மறுநாள் வலை பிரிந்து மறுபடி வரும்.

ரத்தம் உறைகிறதா என்று நம் ஊர் லேபில் கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்களே, அது முதல் வலையை மட்டும்தான் பார்க்கிறது. அதனால்தான் எல்லா ரிப்போர்ட்டும் நார்மல், நார்மல், நார்மல் என்றே வந்துகொண்டிருந்தது.

"பாத்துக்கத் துப்பில்ல"

அக்கா அஞ்சலையைக் கட்டியது எங்கள் அம்மாவின் கடைசித் தம்பி ஏழுமலை மாமா. திண்டிவனத்தில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுகிறார். மல்லாட்டை மூட்டை, உர மூட்டை, கல்யாண வீட்டுப் பாத்திரம், எது கிடைத்தாலும் ஏற்றுவார். அக்கா வயதுக்கு வந்த அன்றே அம்மா முடிவு செய்துவிட்ட கல்யாணம் அது. "வெளில குடுத்துட்டு எவன் அடிக்கிறானோ எவன் குடிக்கிறானோன்னு வயித்துல நெருப்ப கட்டிக்கினு இருக்கறதா? என் தம்பின்னா எனக்குத் தெரியும்" என்பாள். அம்மாவின் அந்தக் கணக்கு தப்பவில்லை. மாமா இன்றுவரை அக்காவை அதட்டிக்கூடப் பேசியதில்லை.

கவின் நடை பழகி ஓட ஆரம்பித்திருந்தான். வாசலில் தண்ணீர் டிரம் பக்கத்தில் விளையாடும்போது வழுக்கி விழுந்தான். தலையில் ஒரு சின்னப் புடைப்பு. கொஞ்ச நேரம் அழுதான், அப்புறம் பிஸ்கட் தின்றான், டி.வி. பார்த்தான். மறுநாள் மத்தியானம் வாந்தி எடுத்தான். தூங்குகிறான் என்று அக்கா நினைத்தாள். எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. மாமா குட்டியானையிலேயே போட்டுக்கொண்டு விழுப்புரத்துக்குப் பறந்தார். மண்டைக்குள் ரத்தம் என்றார்கள். மாலையில் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள்.

சாவு வீட்டில் கூட்டத்துக்கு நடுவில் அம்மா அக்காவைப் பார்த்துக் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஒரே ஒரு புள்ள. அத பாத்துக்கத் துப்பில்ல உனக்கு. போன்ல இன்னா பாத்துக்கினு இருந்த?"

அக்கா அப்போது போன் பார்க்கவே இல்லை, கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தாள். ஆனால் எல்லோரும் சொல்லச் சொல்ல, தான் ஏதோ பார்க்காமல் விட்டுவிட்டோம் என்று அவளே நம்பிவிட்டாள். யாழினி பிறந்த பிறகு குழந்தையை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாள். தெருவில் சிரித்தார்கள்.

மார்தட்டிச் சொன்ன பதில்

யாழினி பிறந்த வாரம் தொப்புள்கொடி உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் ரத்தம் கசிந்தது. மஞ்சள் வைத்தார்கள், நின்றது. மறுபடி கசிந்தது. கொடி அறுத்த நர்ஸ் சரியாக அறுக்கவில்லை என்று நர்ஸைத் திட்டினார்கள். வெளுத்துப்போன குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து ரத்தத்தின் மஞ்சள் நீர் ஒரு பை ஏற்றினார்கள், நின்றுவிட்டது. எதனால் நின்றது என்று யாரும் கேட்கவில்லை. அம்மாவுக்கு மட்டும் காரணம் தெரிந்திருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இரண்டு வயது தாண்டி ஒரு நாள் யாழினி விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு ஒன்றும் இல்லை. மறுநாள் ஆரம்பித்தது. தலையணை நனைந்தது, நின்றது, மறுபடி நனைந்தது. லேப் ரிப்போர்ட் நார்மல். "நார்மல்தாமா, பயப்படாத" என்று மாமா அந்தத் தாளை எல்லோரிடமும் காட்டிக்கொண்டிருந்தார். நான்தான் சண்டை போட்டுப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். அப்போதும் எனக்கு என்ன நோயென்று தெரியாது. நார்மல் என்ற சொல்லின் மேல் நம்பிக்கை போயிருந்தது, அவ்வளவுதான்.

அங்கே டாக்டரம்மா இரண்டே கேள்விதான் கேட்டார். "தொப்புள்கொடி விழுந்தப்ப ரத்தம் வந்துதா?" அக்கா தலையாட்டினாள். "சொந்தத்துல கல்யாணமா?"

அம்மா முந்திக்கொண்டாள். "ஆமாங்க. வெளில குடுக்கல. என் கூடப்பொறந்த தம்பிக்குத்தான் குடுத்தேன்."

அவ்வளவு பெருமையாகச் சொன்னாள். டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, குனிந்து எழுத ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் அந்த இரண்டு குழாய்கள்.

மாமா கேட்டது

முடிவு தெரிந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் டீக்கடைப் பக்கம் நின்று மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். யூரியா என்றதும், "நாம வயலுக்குப் போடறமே, நான் மூட்ட மூட்டயா ஏத்தறனே, அந்த யூரியாவா?" என்றார். அதேதான் மாமா, சுத்தம் பண்ணினது என்றேன். டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார்.

அப்புறம் கேட்டார். "சுமதி, உங்க கம்பெனில மீனுக்குப் போடறியே ஒரு பொடி. அதுவும் இதே வேலதான செய்யுதுன்ற. அதுல ஒரு சிட்டிக பாப்பாவுக்குக் குடுத்தா ஆவாதா?"

அந்தப் பொடிக்கு எதைத் தைக்கலாம், எதைத் தைக்கக் கூடாது என்று தெரியாது மாமா, கண்டதையும் தைக்கும், ரத்தத்தில் போனால் உயிரையே எடுத்துவிடும், வாயில் போட்டால் வயிற்றோடு செரித்துப்போகும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டிக்கொண்டார். என் மேசையில் அந்தப் பொடி பாக்கெட் பாக்கெட்டாக இருக்கிறது. யாரோ திங்கப்போகும் மீனுக்கு வாரி இறைக்கிறோம்.

யாழினிக்கு மருந்து உண்டு. யாரோ தானம் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்து ஐஸாக உறைய வைத்த மஞ்சள் பைகள். மாதாமாதம் போய் ஏற்றிக்கொள்ள வேண்டும், ஆயுசு முழுக்க. மற்றவர் உடம்பின் தையல்காரன் சில வாரம் இவள் உடம்பில் வேலை பார்ப்பான், அப்புறம் தீர்ந்துபோவான். அதற்குள் அடுத்த பை. நடுவில் விழக்கூடாது, குத்தக்கூடாது, கிழியக்கூடாது.

அக்கா என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப கவினுக்கும் இதான?"

அவனுக்கு டெஸ்ட் எடுக்கவில்லை, இனிமேல் எடுக்கவும் முடியாது, ஆனால் இதுவாகத்தான் இருக்கும் என்றேன். அவள் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேருக்கு நடுவில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். பிள்ளையைத் தூக்கிக் கொடுத்த நாளில்கூட அப்படி அழவில்லை.

அம்மா வேண்டிக்கொண்டது

இப்போது அம்மாவுக்குத் தெரிந்திருந்த காரணத்துக்கு வருகிறேன். தொப்புளில் ரத்தம் நிற்காத அந்த நாட்களில் அம்மா, கண்டாச்சிபுரம் பக்கத்தில் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். இந்தக் குழந்தை பிழைத்தால் மூன்று வயதில் செடல் போடுகிறேன் என்று. அம்மன் காப்பாற்றிவிட்டாள். ஆடி வந்தது. யாழினிக்கு மூன்று வயது.

எங்கள் பக்கத்தில் செடல் தெரியாதவர் கிடையாது. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். விலாவில் தோலை இழுத்துப் பிடித்து ஊசியால் குத்தி நூலைக் கோப்பார்கள். அந்த நூலோடு கோயிலைச் சுற்றி வர வேண்டும். முடிந்ததும் நூலை உருவிவிட்டுத் திருநீறு வைப்பார்கள். குழந்தை வீரிட்டு அழும், ரத்தம் ஒரு பொட்டு வரும், அதோடு சரி. நானும் அக்காவும் சின்ன வயதில் போட்டுக்கொண்டதுதான். தழும்பு இருக்கிறது.

"வேணாம்மா" என்றேன்.

"ஆத்தாகிட்ட வாய் வுட்டுட்டேன். மாத்தினா சும்மா வுடுவாளா? சின்ன ஊசிடி."

"அதே ஊசிதான் மறுநாள் பேஜாரு பண்ணும். நின்னா மாரி நிக்கும், அப்புறம் உள்ளயே ஓடும்."

"நிக்குதில்ல? நிக்குதுன்னு நீயே சொல்றியே."

மாமா இரண்டு பக்கமும் பேசினார். பை ஏற்றின மறுநாளே போட்டுவிட்டால் என்ன என்று கேட்டார். டாக்டரம்மாவிடம் கேட்டேன். வேண்டாத காயம் ஒன்றுகூட வேண்டாம், ஒரே ஒரு தடவை தவறினாலும் உயிருக்கே ஆபத்து என்றார். அக்காவோ ஊசிக்கும் பயந்தாள், அம்மனுக்கும் பயந்தாள். ஏற்கெனவே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவள் எதை நம்பி யாரைப் பகைத்துக்கொள்வாள்? அம்மா புதுப் பாவாடை எடுத்துவிட்டாள். மஞ்சள் நிறத்தில், குழந்தைக்கு அளவாக.

எனக்கு அம்மா மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. படிக்காதவள் என்று விட்டுவிடலாம் என்றால், நான் படித்ததையும் எனக்கு அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை. இழை, வலை, தையல் என்று தொண்டை வற்றப் பேசினேன். "உங்கம்மாக்காரி சாமி கும்புடறது உனக்குப் புடிக்கல, அதான்" என்றாள்.

இரண்டு சுருள்

மறுநாள் கம்பெனியில் வஞ்சிரத் துண்டுகளை இரண்டு பங்காக்கினேன். ஒரு பங்குக்குப் பொடி தூவினேன், ஒன்றை வெறுமனே விட்டேன். இரண்டையும் ஒரே மாதிரி இறுக்கிச் சுருட்டினேன்.

கமால் பாய் பார்த்துவிட்டார். "பொடி போடாம எதுக்கும்மா சுத்தற? ஒட்டாது. மீனுதான் வீணாப் போவும்."

"தெரியும் பாய். எங்கம்மாவுக்குக் காட்டணும்."

அவருக்கு யாழினி விஷயம் தெரியும். வேறொன்றும் கேட்காமல் ஐஸ் பெட்டியை எடுத்துக் கொடுத்தார். "ஜல்தி போ. பஸ்ஸுல ஐஸ் கரஞ்சுடும்."

மறுநாள் காலை திண்டிவனத்தில் அக்கா வீட்டுச் சமையலறையில் இரண்டு சுருளையும் பிரித்துத் தட்டில் வைத்தேன். இரண்டும் முழுசாக, உருண்டையாக, ஒன்றுபோல இருந்தன. அம்மாவைக் கூப்பிட்டேன்.

"இதுல எது நல்லது சொல்லு."

"இன்னாடி வெளாட்டு? ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

"அதத்தான் லேபுல நார்மல்னு எழுதிக் குடுத்தாங்க" என்றேன். இரண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, ஒவ்வொன்றில் ஒன்றைப் போட்டேன். கரண்டியால் மெதுவாக ஒரு கலக்குக் கலக்கினேன்.

பொடி போட்டது அப்படியே கிடந்தது. போடாதது ஓரத்தில் பிரிந்தது, நடுவில் பிளந்தது, துண்டு துண்டாகத் தண்ணீரில் சிதறியது. அம்மா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கையை விட்டு ஒரு துண்டை எடுத்து இன்னொன்றோடு சேர்த்து அழுத்தினாள். விட்டதும் பிரிந்தது. மறுபடி சேர்த்தாள்.

"கவினுக்கு மண்டைக்குள்ள இப்படித்தான் ஆச்சாடி?"

"ஆமாம்மா. விழுந்தப்ப நின்னுது. மறுநாள் பிரிஞ்சுது."

"அப்ப அஞ்சல பாத்துக்காததுனால இல்ல."

"இல்ல. அவ கண்ணக் கொட்டாம பாத்துக்கினு இருந்திருந்தாலும் இதான் ஆயிருக்கும்."

அம்மா கையை முந்தானையில் துடைத்தாள். கூடத்தில் அக்கா யாழினிக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் பார்க்காமலே அம்மா கேட்டாள். "இந்தக் கொற எங்கருந்து வந்துது?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. உன்கிட்ட பாதி இருக்கு, மாமாகிட்ட பாதி இருக்கு, ரெண்டு பேருக்கும் உங்கப்பாவோ அம்மாவோ குடுத்தது, பாதி இருந்தா ஒண்ணும் தெரியாது, உன் பாதி அக்காவுக்குப் போச்சு, அக்காவும் மாமாவும் சேர்ந்ததுல புள்ளைங்களுக்கு ரெண்டு பாதியும் வந்துடுச்சு என்றேன். என்னிடமும் இருக்கலாம். நான் பார்த்துக்கொள்ளவில்லை.

அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பிரிந்த மீனைக் கொட்டாமல் அதிலேயே குழம்பு வைத்தாள். அவள் சாப்பிடவில்லை.

மறுநாள்

திருவிழா அன்று யாழினி புதுப் பாவாடையில் மாமாவின் தோளில் உட்கார்ந்திருந்தாள். செடல் போடும் வரிசையில் அம்மா நின்றாள். பூசாரி, "கொழந்த எங்கம்மா?" என்றார்.

"கொழந்த இல்ல. எனக்குப் போடுங்க" என்றாள் அம்மா. "வாய் வுட்டது நாந்தான."

பூசாரி கொஞ்சம் யோசித்துவிட்டு, யார் உடம்பானால் என்ன, ஆத்தாளுக்குப் போய்ச் சேரும் என்றார். விலாவில் திருநீறு பூசி, தோலை இழுத்துப் பிடித்துக் குத்தினார். வயதான தோல், இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. அம்மா முனகக்கூட இல்லை. நூலோடு அந்த வெயிலில் கோயிலைச் சுற்றி வந்தாள். அக்கா பின்னாலேயே போனாள். நூலை உருவியபோது ரத்தம் ஒரு பொட்டு வந்து நின்றது.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வேண்டுதலும் தீர்ந்தது, பிள்ளையும் தப்பித்தது. மனசுக்குள் அம்மாவை மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மாவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு போனேன். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். ஜாக்கெட்டைத் தூக்கி விலாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். திருநீறு பூசிய இடத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தாள். ஊசி போன இடத்தில் சின்னதாகக் காய்ந்த இரண்டு புள்ளி. அதை விரலால் அமுக்கினாள்.

"இன்னாம்மா பண்ற? வலிக்குதா?"

"மறுநாள் வரும்னியே."

"யாழினிக்கு வரும். உனக்கு வராது."

அவள் கேட்ட மாதிரியே இல்லை. இன்னும் அழுத்தி, நகத்தால் கீறினாள். நான் கையைப் பிடித்தேன். உதறிவிட்டாள். காய்ந்த புள்ளி கெட்டியாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்கிட்டருந்துதான போச்சு" என்றாள். "எனக்கு ஒரு சொட்டு வரக் கூடாதா? ஒரு சொட்டு வரலயே, பாருடி."

என் கையை இழுத்து அந்தக் காயத்தின் மேல் வைத்தாள்.